செத்தவீட்டு லைவில் சுற்றின உலக உருண்டை

எனக்குச் சந்தேகக் குணம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. மீன்காரர் "இப்பதான் கரைக்கு வந்தது" என்றால் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நிறுக்க விடுவேன். டாக்குத்தர் பயப்பட ஒன்றுமில்லை என்று சிரித்தால், இவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறுவேன். பிறவிக் குணம் பாதி, தொழில் தந்தது மீதி. இருபது வருசமாக நான் வீடியோ எடிட் பண்ணுகிறேன். கலியாண வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, அவர் காலையில் பலகாரத் தட்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அந்த இடத்தில் ஒட்டினவள் நான். கண்ணால் கண்டதை நம்பு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் ஸ்ரூடியோ இலங்கைத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு எல்லாம் எடுப்போம். முன்பு சீடித் தட்டில் பதிந்து கொடுத்தோம். இப்போது எல்லாம் எங்கள் சனலில்தான் ஏறுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே பார்க்கிறார்கள்.

அந்தச் சனலுக்கு இன்ட்ரோ செய்தது நான்தான். இருட்டில் உலக உருண்டை ஒன்று சுற்றிக்கொண்டு வரும். சுற்றச் சுற்ற இலங்கை பெரிதாகும். இலங்கையின் தலைப்பக்கத்தில் ஒரு வெளிச்சம் வெடிக்கும். பிறகு வீணை, பிறகு தங்க எழுத்தில் ஸ்ரூடியோவின் பெயர். மொத்தம் இருபத்திரண்டு செக்கன். கனடாவில் இருந்து ஒருவர், "உருண்டை சுத்தத் தொடங்கினவுடனை ஊருக்கு வந்து இறங்கின மாதிரிக் கிடக்கு" என்று எழுதியிருந்தார். கலியாணத்தை மலிவாக எடுப்பிக்கத்தான் இந்தக் கதை என்று நான் முதலாளியிடம் சொன்னேன். ஆனால் அந்த வரியைப் பல தரம் திருப்பி வாசித்தேன் என்பதையும் ஒளிக்கக் கூடாது.

அவுட்ரோவும் என் கைவேலைதான். மேகத்துக்குள் இரண்டு கைகள் கூப்பியபடி வரும். கீழே "நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்று எழுத்து ஓடும். அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது. அவுட்ரோ எல்லா வீடியோவின் வாலிலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தேன். ஒருநாள் அது ஒரு செத்தவீட்டு வீடியோவிலும் ஒட்டிக்கொண்டது. செத்தவரின் மூத்த மகன் படியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஆரை மீண்டும் சந்திக்கப் போறியள்?" என்று கேட்டார். "எங்கடை வீட்டிலை அடுத்த பிரேதம் ஆரெண்டு பாத்து வைச்சிட்டியளோ?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்வதில்லை. போகும்போது யாரும் வாங்கோ என்று கூப்பிடுவதுமில்லை. போய் இருந்து, அழுது, எழும்பி, யாரிடமும் சொல்லாமல் வாசல் படலையைத் தாண்டி நடந்துவிடுவார்கள். இது எனக்கு நடை பழகின நாளில் இருந்து தெரியும். தெரிந்த எனக்கே புத்தி எங்கே போனது? அவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே செத்தவீட்டுக்கென்று வேறு அவுட்ரோ செய்தேன். ஒற்றைத் திரி எரிகிற குத்துவிளக்கு, பதினைந்து செக்கன், ஒரு சொல்லும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. இன்ட்ரோவை மட்டும் மாற்றவில்லை. உலக உருண்டை எல்லாத்துக்கும் பொருந்தும், பார்க்கிற சனம் உலகம் முழுக்கத்தானே இருக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரே போன வருசம் தொடங்கி, இன்ட்ரோவும் வேண்டாம் அவுட்ரோவும் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினார். அதற்கு அவர் காட்டிய சாட்சி ஒரு கோடு. ஒரு வீடியோவில் சனம் எந்த இடத்தில் பார்க்கிறது, எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது என்று சனலே கீறிக் காட்டும் கோடு அது.

"உதைப் பாருங்கோ அக்கா. உருண்டை சுத்தத் தொடங்கக் கோடு கிணத்துக்குள்ளை விழுற மாதிரி விழுது. அவுட்ரோவிலை பேந்து ஒருத்தருமில்லை. சனம் இப்ப வாசல்லை நிக்கிறேல்லை. நேரை உள்ளுக்கை வருது, அலுவலை முடிச்சுப்போட்டுப் போகுது."

"உந்தக் கோட்டை ஆர் கீறினது?"

"அது தானாக் கீறுப்படுகுது அக்கா."

தானாகக் கீறுப்படுகிற எதையும் நான் நம்புவதில்லை. தானாக ஒட்டிக்கொண்ட அவுட்ரோ எங்களுக்கு வாங்கித் தந்த பேச்சு போதாதா? அத்தோடு, முன்னுக்கு ஒன்றும் இல்லாமல் நேரே தொடங்குகிற வீடியோக்கள் எனக்குப் பிடிக்காது. இப்போது ஊரில் உதவி செய்கிறோம் என்று புறப்பட்டிருக்கிற சனல்களைப் பாருங்கள். ஏழை மனுசி ஒருத்தி கண்ணைத் துடைக்கிற துண்டைத்தான் முதலில் போடுவார்கள். அதன் பிறகு, "வணக்கம் உறவுகளே" என்று ஒருவர் பல் தெரிய வருவார். முன்பின் தெரியாத ஆள் என்னை உறவு என்றால், நான் முதலில் பார்ப்பது என் கைப்பையைத்தான்.

என் அம்மாவோ அந்தச் சனல்களை ஒன்றும் விடாமல் பார்ப்பார். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். அந்த ஆள் வணக்கம் உறவுகளே என்றால் அம்மா, "வணக்கம் தம்பி" என்பார். முடியும்போது மீண்டும் சந்திப்போம் என்றால், "ஓமப்பு, போட்டு வாங்கோ" என்பார். அம்மா, அந்தாளுக்கு உங்களைத் தெரியாது, நீங்கள் சொல்லுறது கேக்காது என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

"கேக்காட்டில் என்ன? வணக்கம் சொன்ன பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லாமல் இருக்கிறதே?" என்பார் அம்மா. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

அப்பா இதில் ஒன்றிலும் சேரமாட்டார். கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். அவருக்கு அதுவே போதும். போன் என்று ஒன்று அவர் கையில் வந்ததே தம்பி பிரான்சுக்குப் போன பிறகுதான். எங்கள் இரண்டு பேருக்கு மேல் அப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் மூத்தவள், அவன் ஒரே ஆண்பிள்ளை. அங்கே போய் வருசக்கணக்காகியும் அவனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது.

அவன் அங்கே கலியாணம் கட்டியதை அப்பா ஒரு வீடியோவின் இன்ட்ரோவில்தான் அறிந்தார். அவனுக்கு வீட்டில் சொல்லப் பயம். பெண் குருநகர்ப் பிள்ளை, வேதக்காரர். தேவாலயத்தில்தான் கலியாணம் நடந்தது. அங்கேயுள்ள ஸ்ரூடியோக்காரர் எடுத்துத் தங்கள் சனலில் ஏற்றிவிட்டார்கள். சுவிசில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர், அப்பாவுக்குத் தெரியும் என்று நினைத்தோ தெரியாது என்று நினைத்தோ, அதை அப்பாவின் போனுக்கு அனுப்பினார். முதலில் மணி அடித்தது. இரண்டு புறாக்கள் பறந்து வந்தன. ஒரு புறாவின் வாயில் என் தம்பியின் பெயர், மற்றதன் வாயில் அந்தப் பிள்ளையின் பெயர். அப்பா போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"காணும், போதும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அதன் பிறகு ஐந்து வருசம் அப்பா தம்பியோடு கதைக்கவில்லை. தம்பி எடுப்பான், அம்மா கதைப்பார், அப்பா எழும்பித் தோட்டத்துக்குப் போவார். நான் இரண்டு பக்கமும் கதைத்துப் பார்த்தேன். அப்பா மசியவில்லை. கலியாணத்தை விடுங்கோ, அந்த வீடியோவை ஒருக்கா முழுக்கப் பாருங்கோ என்று கேட்டேன். புறாவோடு நிறுத்தின மனுசன் அதற்கு மேல் போகவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் சாவதற்குச் சில மாதம் முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனோடு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, முன்னுக்கு வாற உந்தச் சோடனையைத் தாண்டிப்போட்டு மிச்சத்தைப் பாக்கிறது எப்பிடி?"

"எங்கடை பிழைப்பிலை மண்ணை அள்ளிப் போடாதேங்கோ அப்பா. முன்னுக்கு இருந்து பாருங்கோ" என்று பகிடி பண்ணினேன். பிறகு திரையின் வலப்பக்கத்தில் இரண்டு தரம் தட்டினால் பத்துச் செக்கன் தாண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். வெங்காயத் தாள் ஒட்டிய தடித்த பெருவிரலால் அவர் தட்டித் தட்டிப் பழகினார். கோயில் திருவிழா பார்க்கத்தான் என்று நினைத்தேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மார்கழி மாதம் அப்பா போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்று கிணற்றடியில் இருந்தவர், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முதலே முடிந்துவிட்டார்.

லைவ் எடுக்க எங்கள் ஸ்ரூடியோதான் வந்தது. நான் அன்று மகளாக இருந்ததால் ஒன்றையும் தொடவில்லை. முதலாளி விடிய வெள்ளெனவே வந்து, விறாந்தையில் ஸ்ராண்ட் வைத்து, லைவுக்கென்று அதில் போனைப் பூட்டிவிட்டார். பெரிய கமரா அவருடைய தோளில் இருந்தது. உரலில் சுண்ணம் இடித்தார்கள், பெரியப்பா வழிப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள், வாய்க்கரிசி போட்டோம். கொள்ளி வைக்க வேண்டியவன் பிரான்சில் இருந்தான். பெரியப்பாவின் மகன் அவனுடைய இடத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன். அண்ணை பாவம், அவர் மேல் கோபமில்லை. கோபமெல்லாம் வராதவன் மேலும், அவனை வரவிடாத விசா மேலும், கடைசி வரைக்கும் அவனோடு கதைக்காமல் படுத்திருந்த அப்பா மேலும்தான்.

பிரேதம் படலை தாண்டியதும் லைவ் முடியும். சுடலையைக் காட்டுவதில்லை என்பது எங்கள் ஸ்ரூடியோவின் வழக்கம். பெண்கள் நாங்கள் ஒழுங்கை முடிவு வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பினோம். நான் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தேன். மாமிமார் வீடு கழுவத் தொடங்கினார்கள்.

மத்தியானம் போலத் தம்பி போன் எடுத்தான். "முடிஞ்சுதே அக்கா?" என்றான். "ஓம்" என்றேன். "நான் எல்லாம் பாத்தனான்" என்றான். அவ்வளவுதான். வைக்கிறன் என்றுகூடச் சொல்லாமல் பட்டென்று வெட்டிவிட்டான். அன்றிலிருந்து அப்படித்தான். எப்போது எடுத்தாலும், கதை முடிந்ததும் ஒரு சொல்லும் இல்லாமல் லைன் செத்துப்போகும். வெளிநாட்டு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு நானே இருந்து அப்பாவின் வீடியோவை எடிட் பண்ணினேன். உலக உருண்டையைத் தூக்கிவிட்டேன். என்னிடம் கிடந்த பழைய துண்டு ஒன்று, அப்பா கிணற்றடியில் வாய் கொப்பளித்துவிட்டுக் கமராவைப் பார்த்து "ஏய், விடு" என்று கையை ஆட்டுகிற ஐந்து செக்கன், அதை முன்னுக்கு வைத்தேன். இருபது வருசத்தில் நான் செய்த இன்ட்ரோக்களுக்குள் அதுதான் நல்லது. தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவன் எடுத்தபோது கேட்டேன்.

"பாத்தனியோ?"

"பாத்தனான் அக்கா."

குரலில் ஏதோ ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. என் மூக்கில் வேர்த்தது.

"துவக்கத்திலை என்ன வந்தது, சொல்லு பாப்பம்."

கொஞ்சம் யோசித்தான். "உங்கடை உலக உருண்டை சுத்திச்சுது" என்றான்.

பிடிபட்டாய் என்று நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்திருந்தால் உருண்டை என்று யாராவது சொல்வார்களா? பார்க்கவில்லை. பெற்ற தகப்பனின் செத்தவீட்டைத் திறந்தும் பார்க்காமல் பார்த்தேன் என்கிறான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் மனதில் போட்டுப் பூட்டி வைத்தேன். அப்பா புறாவைக் கண்டு நிறுத்தினார், மகன் அதுவரைக்கும்கூடப் போகவில்லை, நல்ல தகப்பனும் மகனும் என்று அம்மாவிடம் ஒருநாள் வெடித்தேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பாவின் ஒரு வருச ஆட்டைத்திவசம் நெருங்கியபோது முதலாளி கோட்டின் சொல்லைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தார். சனலைப் புதிதாக்குவது, இன்ட்ரோ அவுட்ரோ இரண்டையும் நிறுத்துவது, பழைய செத்தவீட்டு லைவ் எல்லாவற்றையும் அழிப்பது. எடிட் பண்ணினது தனியாக இருக்கிறதுதானே. அழிக்கிற வேலை எனக்கு வந்தது.

அந்தக் கிழமை தம்பி எடுத்தபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவன் குரல் மாறியது.

"அப்பாவின்ரை லைவை அழிச்சுப்போடாதேங்கோ அக்கா."

"ஏன்? எடிட் பண்ணினது வடிவா இருக்கே. அதைப் பாரன்."

"அது இருக்கட்டும். லைவும் இருக்கட்டும்."

"பாக்காத உனக்கு லைவ் என்னத்துக்கு?"

வழக்கம்போல லைன் செத்தது. இத்தனை பேர் பார்த்தார்கள் என்று அங்கே சிநேகிதருக்குக் காட்டத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடு அடுத்த நாள் காலை ஸ்ரூடியோவுக்குப் போய், அழிக்க வேண்டிய பட்டியலில் அப்பாவின் லைவைத்தான் முதலில் திறந்தேன். விரல் அழிக்கிற இடத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் அந்தக் கோடு கண்ணில் பட்டது.

எல்லா வீடியோவிலும் கோடு முன்னுக்கு உயர்ந்து நின்று, வரவரச் சரிந்து, கடைசியில் தரையோடு படுத்துவிடும். அப்பாவின் லைவில் அது தரையில் படுத்துக் கிடந்துவிட்டு, குத்துவிளக்கு அவுட்ரோவும் முடிந்த பிறகு, திடீரென்று எழும்பி நின்றது. முடிந்த வீடியோவுக்கு அப்பால் யாரோ திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அவுட்ரோவுக்குப் பிறகு ஒண்டும் இல்லையே அக்கா. நான் விளக்கைப் போட்டுவிட்டிட்டுப் பிரேதத்துக்குப் பின்னாலை ஓடினனான்" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "லைவை அப்பவே நிப்பாட்டினனானோ எண்டு ஞாபகமில்லை."

நேரடியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பக்கத்தையும் திறந்தேன். காலையில் உருண்டை சுற்றுகிறது, அதன் பிறகு வெறும் கதிரைகள், ஒருவரும் வரவில்லை, சேவல் ஒன்று கூவுகிறது. அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்று என்று இருந்தது. நாடு பிரான்ஸ். கனடாவும் லண்டனும் சுவிசும் பிறகுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. பிரான்சில் எங்களுக்குத் தம்பியை விட்டால் வேறு யாரும் இல்லை. அங்கே விடிய எவ்வளவோ நேரம் இருக்கும்போதே, வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு அவன் இருந்திருக்கிறான். உருண்டை சுற்றியதாக அவன் சொன்னது பொய்யில்லை. நான் கேட்டது எடிட் பண்ணினதைப் பற்றி, அவன் சொன்னது லைவைப் பற்றி. அவனுக்கு அப்பாவின் செத்தவீடு என்றால் அதுதான்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பகுதிக்குப் போனேன். விளக்கு எரிந்து முடிந்தது. படம் திரும்பவும் எங்கள் விறாந்தைக்கு வந்தது. விறாந்தையில் யாரும் இல்லை. உள்ளே வாளி இழுபடுகிற சத்தம் கேட்டது. அம்மா நனைந்த சேலையோடு மெல்ல வந்தார். ஸ்ராண்டில் நின்ற போனைப் பார்த்தார். கதிரையை அதற்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்தார்.

"தம்பி, இருக்கிறியே?" என்றார். "கொண்டுபோட்டினம். அங்கை இன்னும் விடிஞ்சிருக்காது, என்ன? நீ நித்திரை கொண்டிருக்கமாட்டாய். இண்டைக்கு வேலைக்குப் போகாதை ராசா. தலையிலை தண்ணியை வார்த்துப்போட்டு ஒரு வாயெண்டாலும் சாப்பிடு."

பதிலுக்காகக் கொஞ்சம் பொறுத்தார். தலையை ஆட்டினார். பிறகு பின்னால் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஒண்டு சொல்லோணும். அப்பா உன்ரை கலியாணப் படம் பாத்தவர். முன்னுக்குப் புறா உங்கடை பேரைக் காவிக்கொண்டு வருமெல்லே, அதைப் பாக்க அவருக்கு ஏலாது. அதைத் தாண்டி விட்டிட்டு மிச்சம் முழுக்கப் பாத்தவர். ஒருக்காலில்லை. நான் வர நிப்பாட்டிப்போடுவார். பேந்து பேந்து பாக்கிறது எனக்குத் தெரியும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பெட்டைக்கு நல்ல சிரிச்ச முகம் எண்டவர். உன்னட்டைச் சொல்லாதை எண்டவர். தானே எடுத்துக் கதைக்கப்போறன் எண்டு சொன்ன மனுசன், இண்டைக்கு நாளைக்கு எண்டு நிண்டிட்டார். அவருக்கு எப்பவும் வாசல்லைதான் நேரம் போறது."

உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. "மச்சாள், ஆரோடை கதைக்கிறியள்?"

"தம்பியோடை" என்றார் அம்மா. எழும்பினார். போனைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அதன் பிறகு விறாந்தையில் தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் கை வந்து லைவை நிறுத்தியது.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அழுதேன். முதலாளி தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டார், நல்ல பிள்ளை. அப்பா திரையில் தட்டித் தட்டிப் பழகியது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மத்தியானம் தம்பி சொல்லாமல் வெட்டியதும், அதற்குப் பிறகு வருசம் முழுக்க அப்படியே வெட்டியதும் எதற்கு என்பதும் தெரிந்தது. செத்தவீட்டில் இருந்து எழும்பிப் போகிறவன் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். நான்தான் அவனை வெளிநாட்டில் வைத்துப் பார்த்தேன்.

லைவை அழிக்கவில்லை. அதற்கு ஒரு பிரதி எடுத்து, அதற்கும் ஒரு பிரதி எடுத்தேன். சனலை நம்ப முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கம்போலப் போனுக்கு முன்னால் இருந்தார். யாரோ வணக்கம் உறவுகளே என்றார். அம்மா வணக்கம் தம்பி என்றார். அது முடியும் வரைக்கும் நின்றேன்.

"அம்மா, அப்பா அந்த வீடியோவைப் பாத்ததை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"சொன்னா நீ நம்பியிருப்பியே பிள்ளை? எத்தினை மணிக்குப் பாத்தவர், எந்தப் போனிலை பாத்தவரெண்டு அந்த மனுசனை வைச்சு விசாரிச்சிருப்பாய். அவர் வெக்கத்திலை பாக்கிறதையும் விட்டிருப்பார்."

என் போனை எடுத்துக்கொண்டு வெங்காயத் தோட்டப் பக்கம் போனேன். தம்பி எடுத்தான். பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம். வேலைக்கு வெளிக்கிடுகிறான் போலிருந்தது.

"என்னக்கா? அழிச்சிட்டியளோ?"

"இல்லை" என்றேன். "உருண்டை சுத்தினதுதான் தம்பி. நீ சொன்னது சரி."

பாத்திரச் சத்தம் நின்றது. இப்போது வெட்டிவிடுவான் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"வைக்கட்டே அக்கா?" என்றான். "வேலைக்குப் போட்டு வாறன்."